முப்பத்தொன்பதாம் நம்பர் பாஸ் செய்த கோட்டு

என் வீட்டில் பதினேழு அமெரிக்கப் பட்டாளத்துக் கோட்டுகள் இருக்கின்றன. இதை நான் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரம்மா கேட்டாலும் சொல்வேன், கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்காரர் கேட்டாலும் சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "பதினேழும் கிழிஞ்சதுங்க, ஒண்ணுலகூட ஜிப்பு இல்லீங்க" என்பேன். மிச்சம் வைத்திருக்கும் சிரிப்பையும் அப்போதே சிரித்துவிடட்டும்.

பட்டாளம், சண்டை இதெல்லாம் எனக்குத் தெரியாது. எந்தப் படை எந்த ஊரில் இறங்கியது, யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் முழிப்பேன். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. காங்கேயம் பக்கத்து மேட்டுக்காட்டில் சோளத்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எனக்குத் தெரிந்தது தையல். அது போதும் என்பது என் கட்சி. போதாது என்று சொன்ன ஒருவரோடு எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் டேபிளில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், அங்கே நாற்காலி கிடையாது. பனியன் கம்பெனி என்று பேரே தவிர, ஜாக்கெட், பேன்ட் என்று எல்லா ஆர்டரும் வரும். தைத்து வரும் பீஸை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, கலர் மாறியிருக்கிறதா, கறை உண்டா என்று பார்ப்பேன். சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஓரமாக ஒதுக்க வேண்டியது. டேபிளில் எங்களுக்குப் பேர் கிடையாது. நான் முப்பத்தொன்பதாம் நம்பர். பாஸ் செய்த பீஸின் பாக்கெட்டில் 39 என்று எழுதிய சின்னச் சீட்டைப் போட வேண்டும். சரக்கு வாங்கும் வெளிதேசத்துப் பையர் ஏதாவது பீஸைத் திருப்பி அனுப்பினால் முதலில் அந்தச் சீட்டைத்தான் தேடுவார்கள். "முப்பத்தொம்பது யாருங்க?" என்று மாடிப்படியிலேயே சத்தம் கேட்கும். கையைத் தூக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் நான் கையைத் தூக்காமல் ஒளிந்த நாள் ஒன்றுகூட இல்லை.

முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனதும், பெருந்துறையில் வேலை பார்க்கும் என் மகனோடு வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு பழந்துணி குடோனில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அமெரிக்காவிலும் மற்ற தேசங்களிலும் வேண்டாமென்று போட்ட துணிகள் அங்கே கட்டுக்கட்டாக வந்து இறங்கும். யாரும் எடுத்து உடுத்திவிடக் கூடாது என்பதற்காக வரும்போதே கத்தியால் கீறித்தான் வரும். குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அரிவாள்மணை போன்ற கத்தியில் ஜிப்பையும் பட்டனையும் அறுப்பார்கள், லேபிளை ஒரே இழுப்பில் பிய்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மூட்டை. மிச்சத் துணி கலர் கலராகப் பிரிந்து நூல் மில்லுக்குப் போகும். அங்கே மிஷின் அதைப் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடியும் நூலாக்கிவிடும்.

ஒரு நாள் பச்சைக் குவியலில் ஒரு கோட்டைப் பார்த்தேன். நான்கு பாக்கெட், தோளில் பட்டி, நல்ல கனமான துணி. ஜிப்பும் பட்டனும் அதற்குள் போய்விட்டிருந்தன. பழக்கதோஷத்தில் உள்பக்கம் திருப்பினேன். தையல் ஓரங்களில் விரல்நகம் அளவுக்குச் சின்னச் சின்னச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியிலும் இதையேதான் செய்வோம். துணியை அடுக்கடுக்காக வைத்து வெட்டும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நம்பர் ஒட்டுவோம். ஒரே நம்பருள்ள முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் ஒரே சட்டையில் சேர வேண்டும். மாறிப்போனால் கலர் ஒரு பொட்டு மாறும். இந்தக் கோட்டில் எல்லாத் துண்டிலும் 22 இருந்தது. இடது கையில் மட்டும் 23.

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆமாம், இடது கை கொஞ்சம் வெளுப்பு. உள்பாக்கெட்டில் வட்டத்துக்குள் ஓர் எண்ணோடு மங்கிய மை முத்திரை இருந்தது. செக்கிங் செய்தவரின் முத்திரை. அந்த மனுஷியோ மனுஷனோ இதைக் கவனிக்காமல் பாஸ் செய்திருக்கிறார். நானாக இருந்தால் ஒதுக்கியிருப்பேன். உலகத்தின் அந்தக் கோடியில் என்னைப் போலவே ஒருவர் கால் கடுக்க நின்று, பொழுது சாயும் நேரத்தில் கண் அசந்து, ஒரு கையை விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பிரியமும் வந்தது. கோட்டைக் கீழே போட மனம் வரவில்லை.

"இத நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று குடோன் முதலாளியிடம் கேட்டேன்.

"கிழிஞ்ச கோட்டுங்க அம்மிணி. ஜிப்புகூட இல்லீங்க. உங்களுக்கு எதுக்குங்க?"

"வேணுங்க."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

கோட்டு வந்தது, லேபிள் இல்லை. லேபிள் இல்லாத கோட்டு எந்தக் காலத்துக் கோட்டு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் லேபிள் மூட்டை குடோன் மூலையில்தானே கிடக்கிறது. கோட்டின் கழுத்தில் லேபிள் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கட்டமாக நின்றது. கட்டத்தைச் சுற்றி ஊசி ஓட்டைகள். பிய்த்த லேபிளின் ஓரத்திலும் அதே ஓட்டைகள் இருக்கும். தையல் எந்த மூலையில் ஆரம்பித்தது, எங்கே இரட்டைத் தையல் போட்டு நிறுத்தினார்கள், எங்கே ஊசி ஒரு தையல் தாண்டியது என்பது ஒவ்வொன்றிலும் வேறு. ஒரே கை ஒரே மிஷினில் தைத்தாலும் இரண்டு லேபிள் ஒன்றுபோல வராது. சரியான லேபிளை வைத்தால் ஓட்டைமேல் ஓட்டை உட்காரும்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூட்டையைக் கிண்டினேன். "அக்காளுக்குப் பித்துப் புடிச்சுப்போச்சு டோய்" என்று கத்தியில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி பாட்டாகவே படித்தாள். மூன்றாம் நாள் ஓட்டைமேல் ஓட்டை உட்கார்ந்தது. அவளையே கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தவள், "அட, ஆமாங்க்கா" என்றாள். அப்புறம் பச்சைக் கோட்டு எது வந்தாலும் லேபிளைப் பிய்க்காமல் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஆனாலும் பாதிக் கோட்டுகள் மற்றவர்கள் கையில் பட்டுவிடும். மறுபடி மூட்டையைக் கிண்டுவேன்.

லேபிளில் இருப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கோட்டு, ஆணுடையது, பருத்தி சாட்டின், ஆலிவ் பச்சை 107. சாமானை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விவரம், எங்கள் பேக்கிங் லிஸ்ட் மாதிரியே. கீழே கான்ட்ராக்ட் நம்பர். அதன் முதல் எழுத்துகளிலும் நடு இலக்கங்களிலும் காலம் ஒளிந்திருக்கும். மகனுடைய பழைய போனில், வெளிதேசத்தில் இதைச் சேர்ப்பவர்கள் போட்ட படங்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டினேன். காலருக்குள் ஜிப் வைத்து மழைத்தொப்பியை மடித்து வைத்திருந்தால் ஒரு காலம். தொப்பியைத் தனியாகப் பட்டனில் மாட்டினால் அதற்கு முந்திய காலம். மார்பில் பேர்ப்பட்டியைப் பிரித்தெடுத்த இடம் பளிச்சென்று பச்சையாக நிற்கும். பேர் என்னவென்று தெரியாது. அளவு தெரியும்: எத்தனை எழுத்துக்காரன் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

தப்பும் செய்திருக்கிறேன். ஒரு கோட்டுக்கு மூன்று பக்கம் ஓட்டை பொருந்தியது, நாலாவது பக்கம் நூலளவு விலகியது. துணி இழுத்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு தைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து நிஜ லேபிள் வேறொரு மூட்டையில் அகப்பட்டது. வெட்கமாகப் போயிற்று. பிரித்து மாற்றித் தைத்தேன். ஜிப் எதற்கும் போடாததன் காரணம் இதுதான். ஜிப் மூட்டை அன்றன்றைக்கே பித்தளை எடுப்பவரிடம் போய்விடும். யாரோ ஒருவனின் ஜிப்பை இன்னொருவன் கோட்டில் வைத்து அசல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கீறல்களை மட்டும் தைப்பேன். கிழிந்ததை அப்படியே மடித்து வைக்க என் கைக்குத் தெரியாது. பெரும்பாலும் முதுகு நடுவில் நீளமாகக் கீறியிருப்பார்கள். எவ்வளவு பார்த்துத் தைத்தாலும் தழும்பு தெரியும். அந்த முதல் கோட்டில் மட்டும் கத்தி தோளுக்குப் பின்னால் இருக்கும் மடிப்புக்குள் இறங்கியிருந்தது. கையை முன்னால் நீட்டும்போது விரிந்து கொடுப்பதற்காக வைத்த மடிப்பு அது. அதே கனத்தில், அதே பச்சையில் நூல் தேடி, ஓர் அங்குலத்துக்கு அவர்கள் எத்தனை தையல் போட்டார்களோ அத்தனையே போட்டு மூடினேன். கீறல் இருந்த இடம் எனக்கே தேடினால்தான் கிடைக்கும். அவ்வளவு கர்வம் எனக்கு அந்தத் தையலில்.

இதெல்லாம் வீட்டில் எடுபடவில்லை. என் கணவரின் அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், வரும்போதெல்லாம் நான் கோட்டுகளை வைத்துப் பூட்டும் பீரோவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் வாய்விட்டே சொன்னார்.

"உம் புருசன் துணியவே ஊட்டுல வெக்கல. எவனோ செத்தவன் துணிய வெச்சுப் பூட்டியிருக்கற."

செத்தவன் என்று யார் சொன்னது? பாதிப்பேர் பத்திரமாக வீட்டுக்குப் போய், உட்கார்ந்து சாப்பிட்டு, தொப்பை போட்டு, கோட்டு பற்றாமல் தூக்கிப் போட்டிருப்பார்கள். மூன்று கோட்டில் பக்கத் தையலைப் பிரித்து விட்டிருக்கிறது, நானே பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவர் சொன்னதில் முதல் பாதி அப்படியே உண்மை. என் கணவர் இறந்த பதினாறு நாளுக்குள் அவருடைய சட்டை, வேட்டி, கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு, சாயம் போன துண்டு வரைக்கும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வழக்கம் அது. வழக்கத்தில் என்னைக் கேட்பது சேர்த்தி இல்லை. நான் சுவரோரமாக உட்கார்ந்து, மூட்டை வாசலைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கேட்காததையும் நான் பேசாமல் இருந்ததையும் இன்னும் மன்னிக்கவில்லை, அவர்களையும் சரி, என்னையும் சரி.

பிறகு மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் இரண்டே அறை. பொண்ணு வீட்டார் வீடு பார்க்க வரும் நாளைக் குறித்துவிட்டு, மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்ல பையன். அவனுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏம்மா, அந்தப் பீரோவ என்ன பண்றது? அவங்க கேட்டா நான் என்னனு சொல்லட்டும்?"

"அசல் அமெரிக்கக் கோட்டுன்னு சொல்லு கண்ணு."

"அசலுன்னு நீ சொல்ற. வெவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்லட்டும்மா. சொன்னாங்கன்னா ஹால்லயே வெச்சுக்கலாம், நானே எல்லார்த்துக்கும் காட்டறேன். இல்லீன்னா குடோனுக்கே திருப்பிப் போட்டரலாம். செரிதானேம்மா?"

செரி என்றேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை. திருப்பிப் போட்டால் பதினேழும் மில் மிஷினுக்குள் போய்ப் பஞ்சாகிவிடும். அதைப் பந்தயத்தில் வைத்துவிட்டுச் செரி என்றிருக்கிறேன்.

விவரம் தெரிந்தவரை மகனே போனில் கண்டுபிடித்தான். கோயம்புத்தூரில் ரேஸ்கோர்ஸ் பக்கம் பெரிய வீடு. பழைய ராணுவச் சாமான்களை முப்பது வருஷமாகச் சேர்ப்பவராம். ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னார். எதைக் கொண்டுபோவது என்று நான் யோசிக்கவே இல்லை. பையருக்குக் காட்டுவதென்றால் இருப்பதிலேயே குறையில்லாத பீஸைத்தான் காட்டுவோம். பத்தொன்பது வருஷப் பழக்கம். தழும்பு தெரிகிற பதினாறையும் விட்டுவிட்டு, கீறல் கண்ணுக்கே தெரியாத அந்த முதல் கோட்டை இஸ்திரி போட்டுப் பையில் வைத்தேன். வேறு எதை எடுத்துப் போயிருந்தாலும் அன்றைக்கு நடந்தது நடந்திருக்காது.

அவிநாசி ரோட்டில் பேருந்து ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. அவர் வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்கோ" என்று கூப்பிட்டுக் காபி கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் இரும்புத் தொப்பி, தண்ணீர்க் குடுவை, தோல் பை, பெல்ட். அவரைப் போலவே சேர்க்கும் நண்பர்கள் இருவர் சோபாவில் இருந்தார்கள். நடுவில் தனியாக ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பொம்மையில் மாட்டியபடி ஒரு பச்சைக் கோட்டு, என்னுடையதற்கு அண்ணன் போல.

"இதுதானுங்க நம்மகிட்ட இருக்கறதுலயே ஒசத்தி. காலர் ஜிப்பப் பாருங்க. எல்லாத்துக்கும் ஒரு பக்கம் தொறக்கும், இதுக்கு எதிர்ப்பக்கம். ரொம்ப அபூர்வமான வகைங்க. வெளிநாட்டுல ஏலத்துல எடுத்தது" என்றார்.

பார்த்தேன். அந்த ஜிப்பை எனக்குத் தெரியும். ஆனால் நான் வந்த காரியம் வேறு. காபி கொடுத்த வீட்டில் கேட்காததைச் சொல்வது முறையில்லை. கண்ணை எடுத்துக்கொண்டேன்.

என் கோட்டை மேசையில் விரித்தார். திருப்பினார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், லேபிளைத் தடவினார். குடோன், கட்டு, கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பூரில் எத்தனை வருஷம் வேலை செய்தேன் என்றும் அவர் கேட்டார், அதையும் சொன்னேன். நண்பர்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பழந்துணிக் கட்டுல வர்றது அத்தனையும் கீறித்தான் வருதுன்னு நீங்களே சொல்றீங்க. இதுல கீறலே இல்லீங்களே. ஜிப்பும் இல்லை. லேபிள் எங்கயோ எடுத்துத் தெச்சிருக்குது. இது திருப்பூர் சரக்குங்க."

"கீறல் இருக்குதுங்க. தெச்சிருக்கறேன்."

"எங்கீங்க?"

மடிப்பை விரித்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, "இது மடிப்புத் தையல்ங்க" என்றார். சோபாவில் இருந்த ஒருவர், "திருப்பூர்ல எதைத்தான் தெக்கல" என்று சொல்லிச் சிரித்தார். திருப்பூர் சரக்கு என்பதை எதையோ மிதித்துவிட்டவர் சொல்வது போலச் சொன்னார்கள். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. இந்த ஊர்ச் சனம் பாதியும் அந்தச் சரக்கில்தான் சாப்பிட்டது. என் மகன் அதில் படித்தான்.

என் பையில் நூல் வெட்டும் டிரிம்மர் எப்போதும் இருக்கும். எடுத்தேன். என் கர்வத்துக்குரிய அந்தத் தையலில் முனையை வைத்தபோது கை ஒரு கணம் நின்றது. வேறு வழி இல்லை. ஒவ்வொரு தையலாக வெட்டினேன். நூலைப் பிடித்து இழுத்தேன். முழங்கை நீளத்துக்குக் கோட்டு வாயைத் திறந்தது.

"பாருங்க. மேல்துணி, உள்துணி ரெண்டும் ஒரே நேர்கோடா வெட்டுப்பட்டிருக்குது. வெறும் மடிப்புத் தையல்னா இப்பப் பிரிச்சதுல நூல் மட்டுந்தான் போயிருக்கும், துணி வெட்டுப்பட்டிருக்காதுங்க. இது கட்டுல வெச்சு இழுத்த கத்தி." அப்புறம் உள்ளே திருப்பி, 22, 22, 22 என்று சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இடது கையில் 23 காட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கலர் வித்தியாசத்தையும் காட்டினேன். லேபிளின் ஒரு மூலையைப் பிரித்து, இரண்டு தரம் ஊசி இறங்கிய ஓட்டை துணியிலும் லேபிளிலும் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டினேன்.

சோபாக்காரர்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்து வெட்டின ஓரத்தைப் பார்த்தார். பிறகு, "அசல்தானுங்க" என்றார். நான் மூச்சை விடுவதற்குள், "ஆனாப் பாழாக்கிப்போட்டீங்களே அம்மா. கீறலோட வெச்சிருந்தாலாவது ஏதோ. தெச்சுக் கெடுத்துட்டீங்க. இனி இது ஒண்ணுக்கும் ஆகாதுங்க" என்றார்.

தைத்ததால் போலி. பிரித்துக் காட்டினால், தைத்ததால் பாழ். எனக்கு அதுவரை இருந்த மரியாதை அத்தோடு தீர்ந்துவிட்டது.

"உங்க கண்ணாடிக்குள்ள இருக்கற கோட்டைக் கொஞ்சம் தொறக்கறீங்களா?" என்று கேட்டேன்.

என்ன நினைத்தாரோ, திறந்தார். நான் கோட்டைத் தொடவில்லை. "கீழ்ப் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு, பாக்கெட் துணிய வெளிய இழுங்க. ஓரத்துல நீலக் கரை இருக்கும் பாருங்க" என்றேன். இழுத்தார். நீலக் கரை இருந்தது.

"அது ஈரோட்டுச் சந்தையில எடுத்த காடாத் துணிங்க. எங்க கம்பெனிக்கு இதே மாதிரிக் கோட்டு ஆர்டர் வந்துச்சுங்க. அதுக்குப் பாக்கெட் துணி பத்தாமப் போச்சு, அவசரத்துக்கு வாங்கிச் சாயம் போட்டுத் தெச்சாங்க. கரைய மட்டும் வெட்ட மறந்துபோட்டாங்க. பழசாட்டம் தெரியறதுக்குக் கல்லுப் போட்டு வாஷ் பண்ணினதுங்க. காலர் ஜிப்பு அபூர்வமெல்லாம் இல்லீங்க. எங்க லைன்ல தலைகீழாத் தெச்சுப்போட்டாங்க. நாங் கவனிக்கறதுக்குள்ள பல பொட்டி போயிருச்சு. பாஸ் பண்ணினது நாந்தான். முப்பத்தொம்பதாம் நம்பர். அதுக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்குதுங்க."

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தேன். தோள்பட்டியில் பெட்டித் தையல் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. எந்த லைனில் எந்த மிஷினில் உட்கார்ந்து யார் தைத்தது என்று எனக்குத் தெரியும். கடல் தாண்டிப் போய், எவனோ போட்டு, ஏலத்தில் நின்று, திரும்பி வந்து கண்ணாடிக்குள் நிற்கிறது. ஒரு தையல் விடவில்லை.

"திருப்பூர் சரக்குதாங்க. நல்ல சரக்கு. கண்ணாடிக்குள்ளயே வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, என் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை கூட வந்தார். அந்த மரியாதையை மட்டும் அவர் விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நங்கையாவும் இருந்தார். பொண்ணு வீட்டார் வருவதற்கு என்னென்ன ஒழிக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் எழுந்து வந்து பையை வாங்கினான்.

"என்ன சொன்னாரும்மா?"

"அசல்னாரு. கெட்டுப்போச்சுன்னும் சொன்னாரு."

"அப்படீன்னா?"

"அவரு சொன்னத உடு. இனி எவுரும் சொல்ல வேண்டாம் சாமி. நாஞ் சொல்றேன், அசல். பத்தொன்பது வருசம் பாத்த கண்ணு சொல்லுது. பீரோ ஹால்ல இருக்கும்."

நங்கையா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு மனப்பாடம். அதனால் நானே முந்திக்கொண்டேன்.

"அவிகளோட துணிய அன்னிக்கு என்னைக் கேட்டிருந்தீங்கன்னா ஒண்ணுகூடக் குடுத்திருக்க மாட்டேனுங்க நங்கையா. கேக்கல. நானும் பேசல. இதுக்குப் பேசறேன்."

அவர் முகம் மாறியது. தம்பியின் கல்யாணக் கோட்டை மூட்டையில் வைத்தது அவர் கைதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நங்கையா உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மகன் பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்து, "வா, தூக்கு" என்றான். தூக்கினோம். இப்போது அது டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பொண்ணு வீட்டார் வந்தபோது அவனே திறந்து காட்டினான். சிரிக்கத்தான் செய்தார்கள். சிரிக்கட்டும் என்றேனே.

முதல் கோட்டின் கீறலை மறுபடி தைத்தேன். இந்தத் தடவை பச்சை நூலைத் தேடவில்லை. செக்கிங் டேபிளில் குறை உள்ள இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதே சிவப்பில் நூல் எடுத்தேன். மடிப்பை விரிக்காமலே எட்டத்திலிருந்து தெரியும். கீறல் எங்கே என்று இனி ஒருவரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

தைத்து முடித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தேன். இடது கை இன்னும் வெளுப்புத்தான். ஜிப் இல்லை. பேர் இல்லை. அந்த ஊர்க்காரர் போட்ட வட்ட முத்திரை உள்பாக்கெட்டில் மங்கலாக இருந்தது. ஒரு காகிதத்தைச் சின்னதாகக் கிழித்து 39 என்று எழுதி, அந்த முத்திரைக்குப் பக்கத்தில் போட்டேன். யாராவது எடுத்துப் பார்த்துக் கேட்கட்டும். கையைத் தூக்க நான் இருக்கிறேன்.